உயிர்வளி குறைந்தால் உயிரணு எப்படி அறிகிறது?

சபாவில் உள்ள கினபாலு மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 4095 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் அம்மலையில் ஏறுகின்றனர். உச்சியை நெருங்க நெருங்க, நான்கு அடி எடுத்து வைத்தாலே மூச்சு வாங்குகிறது. சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாகின்றன. 'மேலே உயிர்வளி குறைவு' என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால், அங்குள்ள காற்றிலும் உயிர்வளியின் பங்கு கீழே இருப்பதைப் போலவே ஏறக்குறைய 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் உள்ள அழுத்தத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடே உச்சியில் உண்டு. ஆகவே, ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் புகும் உயிர்வளி மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இந்தக் குறைவை உடல் இரண்டு வழிகளில் உணர்கிறது. முதல் வழி மிக விரைவானது. கழுத்தின் இருபுறமும், தலைக்குச் செல்லும் பெருந்தமனி கிளை பிரியும் இடத்தில், அரிசி மணி அளவே உள்ள கரோட்டிட் உறுப்பு இருக்கிறது. அது குருதியில் உள்ள உயிர்வளியைச் சோதித்து, குறைந்தால் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பும். நாம் உடனே வேகமாக மூச்சு விடத் தொடங்குகிறோம். இவ்வகை உணர் உறுப்புகளைப் பற்றிய ஆய்வுக்காகப் பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னேல் ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இரண்டாவது வழி சற்று மெதுவானது, ஆனால், ஆழமானது. நம் உடலில் உட்கருவுள்ள ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் தத்தம் உயிர்வளியைத் தாமே அளந்துகொள்கின்றன. மூளையின் உத்தரவுக்காக அவை காத்திருப்பதில்லை. இவ்விரண்டாவது வழியைப் பற்றியதே இக்கட்டுரை. உயிரியல் படிக்காத நண்பர்களும் பின்தொடரும் வகையில் இதனை எழுத முயன்றுள்ளேன். உயிர்வளி கூடக்கூட நல்லது என்றும், 'ஆண்டிஆக்ஸிடன்ட்' மாத்திரைகளை எவ்வளவு உட்கொண்டாலும் நன்மையே என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். உயிரணுவோ அப்படி எண்ணுவதில்லை. அது ஓயாமல் அளக்கிறது; அளவுக்கேற்ப நடந்துகொள்கிறது. அந்த அளவீடு எப்படி நடக்கிறது, அது பிசகினால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

உயிர்வளியின் இரு முகங்கள்

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உயிர்வளி இல்லாமல் சிதைத்தால், உயிரணுவுக்கு ஏ.டி.பி. எனப்படும் ஆற்றல் மூலக்கூறுகள் இரண்டு கிடைக்கின்றன. அதே குளுக்கோஸை உயிர்வளியின் துணையோடு மைட்டோகாண்ட்ரியாவில் முழுமையாகச் சிதைத்தால் ஏறக்குறைய 30 கிடைக்கின்றன. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் ஓய்வில் இருக்கும்போது பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. குருதியோட்டம் சில நிமிடங்கள் நின்றாலே மூளை பாதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பது இதுதான். உணவிலிருந்து பெறப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து மற்றொரு புரதத்திற்குக் கைமாறிச் சென்று, கடைசியில் உயிர்வளியை அடைகின்றன. உயிர்வளி நீராக மாறுகிறது. இக்கைமாற்றத்தில் வெளிப்படும் ஆற்றலே ஏ.டி.பி.யாகச் சேமிக்கப்படுகிறது. எனினும், சில எலெக்ட்ரான்கள் வழியிலேயே நழுவி உயிர்வளியோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது 'சூப்பர்ஆக்சைடு' என்னும் வினைமிகுந்த மூலக்கூறு பிறக்கிறது. இது நம் மரபணுப் பொருளையும் கொழுப்புச் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கும் தொடர் வினைகளுக்கு வழிவகுக்கக்கூடியது.

எனவே, உயிர்வளி குறைந்தாலும் ஆபத்து. அதன் வினைமிகு வடிவங்கள் பெருகினாலும் ஆபத்து. இவ்விரண்டையும் கண்காணிக்க உயிரணுவிடம் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. வியப்பு என்னவென்றால், இரண்டுமே ஒரே உத்தியைப் பின்பற்றுகின்றன.

ஆண்டிஸ் மலையிலிருந்து சிறுநீரகம் வரை

இக்கதை ஒரு மலைப் பயணத்தில் தொடங்கியது. 1890ஆம் ஆண்டில் வியோ என்ற பிரெஞ்சு மருத்துவ ஆய்வாளர், பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 4500 மீட்டர் உயரத்திலுள்ள மோரோகோச்சா என்ற சுரங்க ஊருக்குச் சென்றார். அங்குத் தங்கிய சில வாரங்களில், தம் குருதியில் உள்ள சிவப்பணுக்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்திருப்பதைக் கண்டார். உயிர்வளி குறைந்த இடத்தில், அதைச் சுமந்து செல்லும் அணுக்களை உடல் கூட்டிக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று.

இந்த உத்தரவை இடுவது யார்? 1906இல் கார்னோ, தெஃப்லாந்த்ர் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், குருதியில் ஓடும் ஓர் இயக்குநீரே எலும்பு மச்சையைத் தூண்டுகிறது என்று கருதினர். அந்த இயக்குநீரைத் தூய வடிவில் பிரித்தெடுக்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. கடுமையான இரத்தச் சோகையுடைய நோயாளிகளின் சிறுநீரில் அது மிகுந்திருக்கும் என்பதால், ஜப்பானிய மருத்துவர் தகாஜி மியாகே 2550 லிட்டர் சிறுநீரைத் திரட்டினார். அதிலிருந்து அவரும் சிக்காகோவைச் சேர்ந்த யூஜின் கோல்ட்வாசரும் சக ஆய்வாளர்களும் சில மில்லிகிராம் இயக்குநீரைப் பிரித்தெடுத்து 1977இல் வெளியிட்டனர். அதுவே எரித்ரோபோயட்டின். சுருக்கமாக 'இ.பி.ஓ.' என்பர். 1985இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 1989இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது.

வளர்ந்த மனிதரின் உடலில் இந்த இயக்குநீரைப் பெரும்பாலும் உருவாக்குவது சிறுநீரகம். இச்செய்தி நமக்கு மிக நெருக்கமானது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் உறவினரோ அண்டை வீட்டாரோ இல்லாத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. அவர்கள் வெளிறிச் சோர்ந்து காணப்படுவதற்குப் பழுதான சிறுநீரகத்தால் போதிய அளவு இ.பி.ஓ. சுரக்க முடியாததும் ஒரு காரணம். அவர்களில் பலருக்குப் போடப்படும் 'இரத்த ஊசி' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது இந்த இயக்குநீரையே.

ஆனால், அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது. உயிர்வளி குறைந்துவிட்டது என்று சிறுநீரகத்தின் உயிரணுவுக்குத் தெரிவது எப்படி?

மூவர் கண்ட விடை

இக்கேள்விக்கு விடை கண்டதற்காக 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அமெரிக்காவின் கிரெக் செமென்சா, வில்லியம் கேலின், இங்கிலாந்தின் பீட்டர் ராட்கிளிஃப் ஆகியோரே அவர்கள்.

செமென்சா பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இ.பி.ஓ. மரபணுவை ஆராய்ந்தார். அம்மரபணுவின் அருகே, உயிர்வளி குறையும்போது மட்டும் ஒரு புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும் சிறு பகுதி இருப்பதைக் கண்டார். 1992இல் அப்புரதத்திற்கு 'ஹிஃப்-1' என்று பெயரிடப்பட்டது. 'உயிர்வளிக் குறைவால் தூண்டப்படும் காரணி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1995இல் அதைத் தூய்மையாகப் பிரித்தபோது, அது ஆல்ஃபா, பீட்டா என்ற இரு பகுதிகளால் ஆனது எனத் தெரிந்தது. பீட்டா எப்போதும் இருக்கிறது. ஆல்ஃபாவோ உயிர்வளி குறைந்தால் மட்டுமே தென்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் சிறுநீரக மருத்துவராக இருந்த ராட்கிளிஃப், இன்னொரு முக்கிய உண்மையைக் கண்டார். இ.பி.ஓ. சுரக்காத உயிரணுக்களிலும் இதே உணரும் ஏற்பாடு இருக்கிறது என்று 1993இல் அவருடைய குழு காட்டியது. அதாவது, இது சிறுநீரகத்திற்கு மட்டும் உரிய தனித்திறமை அன்று. உடல் முழுதும் பரவியுள்ள பொதுத்திறமை.

பாஸ்டனைச் சேர்ந்த புற்றுநோய் மருத்துவரான கேலின் ஆராய்ந்தது வேறொரு நோயை. 'வான் ஹிப்பல்–லிண்டாவ்' (வி.எச்.எல்.) என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்திலும் மூளையிலும் கண்ணிலும் கட்டிகள் தோன்றுகின்றன. அக்கட்டிகளில் இரத்த நாளங்கள் மிகுந்து காணப்படும்; சிலருக்குச் சிவப்பணுக்களும் அளவுக்கு மீறிப் பெருகும். போதிய உயிர்வளி இருந்தும், 'உயிர்வளி இல்லை' என்று அந்த உயிரணுக்கள் கூச்சலிடுவதைப் போல் இது இருந்தது. அப்படியானால், இந்நோயில் பழுதாகும் வி.எச்.எல். புரதத்திற்கும் உயிர்வளியை உணரும் ஏற்பாட்டிற்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஹிஃப் ஆல்ஃபாவை அழிக்க வி.எச்.எல். புரதம் தேவை என்பதை 1999இல் ராட்கிளிஃபின் குழு மெய்ப்பித்தது. 2001இல் இருவருடைய குழுக்களும் ஒரே நேரத்தில் கடைசிப் புதிரை விடுவித்தன.

எழுதுபவரும் அழிப்பவரும்

அவர்கள் கண்டதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். விரிவுரை மண்டபத்தில் ஒரு வெண்பலகை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் அதில் ஓயாமல் 'ஆபத்து' என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் எழுதியதை உடனுக்குடன் அழித்துக்கொண்டே இருக்கிறார். அழிப்பவருக்குத் தேவையான பொருள் உயிர்வளி. அது தாராளமாகக் கிடைக்கும்வரை பலகை வெறுமையாகவே இருக்கும். உயிர்வளி குறைந்தால் அழிப்பவரின் கை தளர்கிறது. எழுதுபவர் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. 'ஆபத்து' என்ற சொல் பலகையில் தானாகவே நிலைத்துவிடுகிறது.

உயிரணுவில் நடப்பதும் இதுவே. ஹிஃப் ஆல்ஃபா இடைவிடாமல் உருவாக்கப்படுகிறது. அழிக்கும் வேலையின் முதல் படியைச் செய்வது 'புரோலைல் ஹைட்ராக்சிலேஸ்' என்னும் நொதி. அது உயிர்வளி மூலக்கூறிலிருந்து ஓர் அணுவை எடுத்து, ஹிஃப் ஆல்ஃபாவில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் பொருத்துகிறது. அந்தச் சிறு அடையாளத்தை வி.எச்.எல். புரதம் கண்டுகொள்கிறது. உடனே ஹிஃப் ஆல்ஃபாவின் மேல் 'யுபிகுவிட்டின்' என்னும் முத்திரை இடப்படுகிறது. முத்திரை பெற்ற புரதம் உயிரணுவின் குப்பை அரைவையான புரோட்டியசோமுக்குள் சென்று சிதைகிறது. போதிய உயிர்வளி இருக்கும்போது, உள்ள ஹிஃப் ஆல்ஃபாவில் பாதி ஏறக்குறைய 5 நிமிடத்திலேயே அழிந்துவிடும்.

இந்த நொதிக்கு உயிர்வளியோடு இரும்பும் தேவை. உயிரணுக்களுக்குக் கோபால்ட் உப்பைக் கொடுத்தாலோ, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் மருந்தைக் கொடுத்தாலோ, உயிர்வளி இருந்தும் அவை மூச்சுத் திணறுவதைப் போல நடந்துகொள்வதை ஆய்வாளர்கள் முன்பே கவனித்திருந்தனர். அதன் காரணம் இப்போது விளங்கியது. இரும்பு இல்லாவிட்டால் அழிப்பவரின் கை கட்டப்பட்டுவிடுகிறது.

ஒரு புரதத்தை வேலை மெனக்கெட்டு உருவாக்கி உடனே அழிப்பது வீண் செலவு என்று தோன்றலாம். ஆனால், ஆபத்து வந்த பிறகு மரபணுவைப் படித்து, செய்தியை நகலெடுத்து, புரதத்தைக் கட்டத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஆற்றல் குறைந்திருக்கும் நேரத்தில் அந்த வேலையே பெருஞ்சுமையாகும். தயாராக உள்ளதை அழிக்காமல் விட்டாலே போதும் என்ற ஏற்பாட்டில், சில நிமிடங்களிலேயே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. இன்னொரு சிறப்பும் இதில் உண்டு. உயிர்வளி கொஞ்சம் குறைந்தால் அழிக்கும் வேகம் கொஞ்சம் குறைகிறது. மிகவும் குறைந்தால் மிகவும் குறைகிறது. எனவே, இது 'உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும் மின்விசையைப் போன்றதன்று; எவ்வளவு என்று காட்டும் அளவுகோல்.

எச்சரிக்கைக்குப் பின்

நிலைத்துவிட்ட ஹிஃப் ஆல்ஃபா உட்கருவுக்குள் சென்று பீட்டாவோடு இணைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. அதனால் விளையும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வரத்தைக் கூட்டுவது. இ.பி.ஓ. சுரந்து சிவப்பணுக்கள் பெருகுகின்றன. 'வி.இ.ஜி.எஃப்.' என்னும் புரதம் சுரந்து புதிய இரத்த நாளங்கள் முளைக்கின்றன.

இரண்டாவது, மாற்று வழியில் ஆற்றல் பெறுவது. உயிர்வளி இல்லாமலே குளுக்கோஸைச் சிதைக்கும் நொதிகளும், குளுக்கோஸை உள்ளே கொண்டுவரும் வாயில்களும் கூடுகின்றன. கிடைக்கும் ஆற்றல் குறைவுதான். ஆனாலும், அது உயிரைத் தக்கவைக்க உதவுகிறது.

மூன்றாவது, செலவைக் குறைப்பது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிபொருள் செல்லும் வழியை ஹிஃப் ஒரு நொதியின் மூலம் அடைக்கிறது. இதை 2006இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. உயிர்வளியை மிச்சப்படுத்துவது மட்டுமே இதன் பயன் என்று எண்ணிவிடக்கூடாது. உயிர்வளி குறைந்த நிலையில் எலெக்ட்ரான் கைமாற்றம் தடுமாறுகிறது. அதனால், நழுவும் எலெக்ட்ரான்கள் கூடி, வினைமிகு மூலக்கூறுகள் பெருகுகின்றன. உயிர்வளி குறையும்போது அதனால் வரும் சேதம் கூடுவது முரண்பாடாகத் தோன்றினாலும், அதுவே உண்மை. ஹிஃப் இல்லாத எலி உயிரணுக்களை உயிர்வளி குறைந்த சூழலில் வளர்த்தபோது, அவை இவ்வகை மூலக்கூறுகள் பெருகியே மடிந்தன. எரிபொருளின் வழியை அடைக்கும் அந்த நொதியை மட்டும் திரும்பக் கொடுத்தபோது அவை பிழைத்தன.

இரண்டாவது காவல்

வினைமிகு மூலக்கூறுகள் உயிரணுவின் தாங்கும் அளவை மீறிப் பெருகும் நிலையை 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி' எனலாம். இதற்கெதிராக உயிரணுவிடம் சொந்தப் படை உண்டு. சூப்பர்ஆக்சைடைத் தணிக்கும் 'சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்' என்ற நொதியை 1969இல் மெக்கார்ட், ஃபிரிடோவிச் ஆகியோர் கண்டறிந்தனர். அது சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதைக் கேட்டலேஸ் நொதியும் குளுட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறைப் பயன்படுத்தும் நொதிகளும் நீராக்கிவிடுகின்றன.

இப்படையை எப்போது பெருக்குவது என்று முடிவு செய்வது 'நர்ஃப்-2' என்ற புரதம். ஜப்பானின் மசாயுகி யாமமோட்டோவின் குழு 1990களின் பிற்பகுதியில் இதன் செயல்பாட்டை விளக்கியது. இங்கும் அதே வெண்பலகைதான். நர்ஃப்-2 ஓயாமல் உருவாகிறது. 'கீப்-1' என்ற புரதம் அதைப் பிடித்து முத்திரை இட வழிசெய்து, அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கீப்-1இன் உடலெங்கும் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் உள்ளன. வினைமிகு மூலக்கூறுகள் அவற்றைத் தாக்கும்போது கீப்-1 செயலிழக்கிறது. அழிப்பவர் நிற்கிறார், நர்ஃப்-2 நிலைத்து உட்கருவை அடைகிறது, தற்காப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

ஆக, இரண்டு காவல்களிலும் உத்தி ஒன்றே. அழிப்பவரை நிறுத்தும் காரணம்தான் வேறு. ஹிஃபை அழிப்பவருக்கு உயிர்வளி போதாமல் போகிறது. நர்ஃப்-2ஐ அழிப்பவர் தாக்கப்படுகிறார்.

புரோக்கோலியில் உள்ள சல்ஃபோராஃபேன் பற்றி நாம் கேள்விப்பட்டிருப்போம். 1992இல் பால் டலலேயின் குழு அதைப் பிரித்தெடுத்தது. அது உடலுக்குள் சென்று வினைமிகு மூலக்கூறுகளை நேரடியாக ஒழிப்பதில்லை. கீப்-1இன் சிஸ்டீனை இலேசாகச் சீண்டுகிறது. அச்சீண்டலுக்குப் பதிலாக உயிரணு தன் படையைத் தானே திரட்டிக்கொள்கிறது.

உட்கரு இல்லாத சிவப்பணு

இந்த இடத்தில் சிவப்பணுவின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். உடல் முழுதும் உயிர்வளியைச் சுமந்து செல்வது அதுவே. ஆயினும், முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, மரபணுக்களும் இல்லை. ஆகவே, நர்ஃப்-2 வந்து தூண்டுவதற்கு அங்கு ஒன்றுமில்லை. சுமார் 120 நாள் வாழும் அந்த அணு, பிறக்கும்போது கொண்டுவந்த நொதிகளை வைத்தே காலம் தள்ள வேண்டும்.

அந்நொதிகளில் முக்கியமானது 'ஜி-6-பி-டி'. குளுட்டாதயோனை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கத் தேவையான மூலப்பொருளை அதுவே தருகிறது. அந்நொதி குறைவாக உள்ளவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பர். ஆனால், துணிகளுக்கு இடையே வைக்கும் நாஃப்தலீன் உருண்டை, ஃபாவா அவரை, பிரைமாகுவின் போன்ற சில மருந்துகள் ஆகியவற்றால் ஆக்சிஜனேற்ற நெருக்கடி ஏற்படும்போது, அவர்களுடைய சிவப்பணுக்கள் திடீரென உடைந்து போகலாம். பிறந்த குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலையும் வரலாம். இதனால்தான் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடிக் குருதியில் இந்நொதியைச் சோதிக்கிறார்கள். இக்குறைபாட்டுக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆண் குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. குழந்தையின் மருத்துவ அட்டையில் இக்குறைபாடு குறிக்கப்பட்டிருந்தால், அலமாரியில் உள்ள நாஃப்தலீன் உருண்டைகளை அகற்றுவதும், மருந்து வாங்கும்போதெல்லாம் மருத்துவரிடம் இதைத் தெரிவிப்பதும் பெற்றோரின் கடமை.

அளவு மீறினால்

ஹிஃபும் நர்ஃப்-2உம் நம்மைக் காப்பவை என்றால், அவை எப்போதும் விழித்திருப்பது நல்லதுதானே? இக்கேள்விக்குப் புற்றுநோய் விடை சொல்கிறது. வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதிக்கு உயிர்வளி எட்டுவதில்லை. அங்கு ஹிஃப் விழித்துக்கொண்டு, கட்டிக்கே புதிய இரத்த நாளங்களை வரவழைத்துக் கொடுக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் ஒரு பகுதியினரிடம் கீப்-1 அல்லது நர்ஃப்-2 மரபணு பழுதடைந்து, நர்ஃப்-2 ஓயாமல் இயங்குவது கண்டறியப்பட்டுள்ளது. நல்ல உயிரணுவைக் காக்கும் அதே கவசம், புற்றணுவை மருந்திலிருந்தும் கதிர்வீச்சிலிருந்தும் காக்கிறது.

மலைவாழ் மக்களும் இதே பாடத்தைச் சொல்கின்றனர். ஆண்டிஸ் மலையில் நெடுங்காலம் வாழ்வோரில் சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, குருதி தடித்து, தலைவலியும் இதயப் பாதிப்பும் உண்டாகின்றன. பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925இல் இதை விவரித்தார். திபெத்தியர்களிடமோ அதே உயரத்திலும் ஹீமோகுளோபின் அவ்வளவு உயர்வதில்லை. ஹிஃப்-1இன் உடன்பிறப்பான ஹிஃப்-2இன் மரபணுவில் அவர்களிடம் தனி மாற்றம் இருப்பதை 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அது டெனிசோவன் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் தெரியவந்தது. உயரத்தில் வாழப் பழகிய அம்மக்களிடம் எச்சரிக்கை மணி உரத்து ஒலிப்பதில்லை, அடங்கியே ஒலிக்கிறது.

மருந்துக்கும் இது பொருந்தும். சிறுநீரக நோயாளிகளுக்கு இ.பி.ஓ. வகை மருந்துகளைக் கூட்டிக் கொடுத்து ஹீமோகுளோபினை முழு இயல்பு நிலைக்கு உயர்த்தினால் மேலும் நலம் பெறுவர் என்று ஒருகாலத்தில் எதிர்பார்க்கப்பட்டது. 2006, 2009ஆம் ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகள், அப்படி உயர்த்துவது இதயப் பாதிப்பையோ பக்கவாதத்தையோ கூட்டுவதைக் காட்டின. இப்போது மருத்துவர்கள் அதைவிடக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். 'ஊசியைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள்' என்று கேட்கும் குடும்பத்தார் இதை அறிந்திருப்பது நல்லது.

ஆண்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளின் கதையும் இத்தகையதே. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டின், அந்நோயை 18 விழுக்காடு கூட்டியிருந்தது. 35,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற மற்றோர் ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரை உட்கொண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்தது 2011இல் தெரியவந்தது. 2009இல் ஜெர்மனியில் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை உட்கொண்ட இளைஞர்களுக்கு, இன்சுலின் செயல்பாட்டில் பயிற்சி தரும் நன்மை கிடைக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறான முடிவையும் தந்துள்ளன. ஆயினும், அதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. பயிற்சியின்போது பிறக்கும் சிறிதளவு வினைமிகு மூலக்கூறுகளே உடலைத் திருத்தும் செய்தியாகவும் பயன்படுகின்றன. அவற்றை முற்றாகத் துடைத்துவிட்டால் செய்தியும் போய்விடும்.

இதனால் காய்கறியும் பழமும் உண்ண வேண்டாம் என்று பொருளன்று. அவற்றின் நன்மை ஐயத்திற்கு இடமற்றது. வைட்டமின் குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் தரும் மாத்திரையும் தேவையானதே. ஆனால், நேரடி விற்பனைக் கூட்டங்களில் 'எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதலில்லை' என்று சொல்லி விற்கப்படும் புட்டிகளை வாங்குமுன், இவ்வாய்வுகளை நம் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு.

ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு

அழிப்பவரையும் எழுதுபவரையும் அடையாளம் கண்டதால் புதிய மருந்துகள் பிறந்துள்ளன. அழிக்கும் நொதியைத் தற்காலிகமாகத் தடுத்தால், ஹிஃப் நிலைத்து உடலே இ.பி.ஓ.வைச் சுரக்கும். இவ்வகையில் முதலில் அனுமதி பெற்ற ராக்சாடுஸ்டாட், சிறுநீரக நோயால் வரும் இரத்தச் சோகைக்காக 2018இல் சீனாவிலும் 2019இல் ஜப்பானிலும் ஒப்புதல் பெற்றது. வடாடுஸ்டாட் என்ற மருந்துக்கு 2024இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஊசிக்குப் பதிலாக மாத்திரையாக உட்கொள்ளலாம் என்பது இவற்றின் வசதி. எனினும், குருதி உறைவு போன்ற ஆபத்துகளுக்காக இவற்றையும் கண்காணித்தே கொடுக்க வேண்டும்.

எதிர்த்திசையில், ஹிஃப்-2ஐ அடக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மருந்து 2021இல் வி.எச்.எல். நோயாளிகளின் கட்டிகளுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நர்ஃப்-2ஐத் தூண்டும் ஒமாவெலாக்சொலோன், ஃபிரீட்ரிக் அட்டாக்சியா என்னும் பரம்பரை நரம்பு நோய்க்காக 2023இல் அங்கு ஒப்புதல் பெற்றது. ஒரே ஏற்பாட்டை ஒரு நோயில் தூண்டுகிறோம்; மற்றொரு நோயில் அடக்குகிறோம். எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்பதே மருத்துவம்.

முடிவாக

1890இல் ஒருவர் தம் குருதியில் சிவப்பணுக்களை எண்ணிப் பார்த்ததற்கும், இன்று ஒரு சிறுநீரக நோயாளியின் கையில் மாத்திரை இருப்பதற்கும் இடையே நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் உள்ளன. இடையில் உழைத்தவர்கள் பலர். பரிசு பெற்றவர்கள் சிலரே. நோயாளியின் சிறுநீரைச் சேகரித்தவர், அரிய பரம்பரை நோயை ஆராய்ந்தவர், ஒரு மரபணுவின் ஓரத்தைத் துருவியவர் எனத் தொடர்பில்லாதவர்கள்போல் தோன்றிய பலரின் உழைப்பு ஓரிடத்தில் வந்து சேர்ந்தது. எப்பயனும் தெரியாத ஆய்வில் ஈடுபட்டிருக்கும் நம் அறிவியல் மாணவர்கள் இதிலிருந்து ஊக்கம் பெறலாம்.

நம் உடலின் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இந்நொடியிலும் எச்சரிக்கையை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கின்றன. பலகை வெறுமையாக இருப்பதே நலத்தின் அடையாளம். தேவைப்படும்போது சொல் நிலைப்பதும், தேவை தீர்ந்ததும் அது மறைவதும் நலத்தின் அடையாளமே. உடலுக்கு எதையேனும் கூட்டிக் கொடுக்க விரும்பும் எவரும், அது ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும்.